லிட்டருக்குப் பதினாலு

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது தராசுக்காரர் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், மறுமுனையில் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மனைவி வைத்துவிட்டாள். சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று ஒரு கெடு. அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

கெடு என்னவென்று மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் பேத்தியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனவள் அவருடைய மனைவி. பதினான்கு மாதமாகிறது. இப்போது மகளுக்கு ஆபீசில் பெரிய பதவி ஒன்று தேடி வந்திருக்கிறது. அவள் அதை ஒப்புக்கொண்டால், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், அதாவது இன்னும் இரண்டு முழு வருஷம், அம்மா கூடவே இருந்தாக வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நான் இருக்கட்டுமா, வரட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"அது வந்து..." என்று இழுத்தார் இவர்.

"யோசிச்சுச் சொல்லுங்க. சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள கூப்பிட்டு வான்னு சொன்னா வந்துடறேன். கூப்பிடலன்னா இருக்கச் சொல்றீங்கன்னு எடுத்துக்கறேன்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து அடுத்தவர்கள் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் அவள். தன் பேச்சு என்று வந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்ட மாட்டாள். அவரோ, முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் எனக்கு இது வேண்டும் என்று மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

காலையில் எழுந்து ஒரு டம்ளர் டீ போட்டார். ஒரு தட்டில் இரண்டு ரொட்டித் துண்டு. சாப்பிட்டுவிட்டு அந்த ஒரு டம்ளரையும் ஒரு தட்டையும் கழுவிக் கவிழ்த்தார். வீட்டில் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஏழரைக்குக் கிளம்ப வேண்டியவர் ஏழு மணிக்கே பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பினார். டீசல் வண்டி, காலைக் குளிரில் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் சீராகும். ஒரு நிமிடம் சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

அவர் வண்டியை எடுத்தபோது மணி ஏழு இருபது.

கடைகளில் இருக்கிற தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது அவருடைய அரசாங்க உத்தியோகம். அதனால் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். அந்தப் பத்தொன்பதையும் அவர் ஓட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். டீசல் வண்டிக்கு ஒரு குணம் உண்டு, விரட்டினால் மடமடவென்று குடிக்கும், தட்டிக்கொடுத்தால் சொன்னபடி கேட்கும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற முள் இரண்டாயிரத்தைத் தொடுவதற்குள் அடுத்த கியருக்குப் போய்விடுவார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் பிரேக்கைத் தேட மாட்டார். கியரில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிடுவார். வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டே போய் சிக்னலில் நிற்கும். உருளுகிற அந்த நேரத்துக்கு ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

இதில் பாதி வித்தை மனைவியுடையது. அவளுடைய எக்ஸ்சேஞ்ச் அவர் ஆபீஸ் போகிற வழியில்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்ட மாதிரி சாலையைப் பார்ப்பாள்.

"அங்க பஸ் நிக்குது, காலை எடுங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எடுக்க வேண்டியதுதானே!"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஒருமுறை இருபத்திரண்டரை வந்தது. அன்றைக்கு இருவரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள்.

இப்போது பதினாலு.

அவள் போன முதல் இரண்டு மாதம் பத்தொன்பது இருந்தது. அப்புறம் பதினேழு, பதினைந்து என்று இறங்கி, மூன்று மாதமாகப் பதினாலிலேயே நிற்கிறது. டேங்கை ஒவ்வொரு முறையும் ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே அளவுக்கு நிரப்பி, மீட்டரைச் சுழியமாக்கி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்க்கிற ஆள் அவர். கணக்கில் தப்பு வர வழியே இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. மனைவி போனில் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பாள். முதல் கேள்வி, சாப்பிட்டீங்களா? அதற்கு ஆமாம் என்பார். இரண்டாவது கேள்வி, வண்டி எவ்வளவு குடுக்குது?

"இருபத்தொண்ணு" என்பார்.

பதினான்கு மாதமாக அதே இருபத்தொண்ணு. தொழிலில் ஐந்து கிராம் வித்தியாசத்தைப் பொறுக்காத மனிதர், பெண்டாட்டியிடம் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆபீசில் ஒரு பழக்கடைக்காரர் தன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் தராசு ஆயிரத்துப் பதினைந்து காட்டியது.

"பதினஞ்சு கிராம்தானே சார். முத்திரை வெச்சுக் குடுத்துடுங்க. கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

"பதினஞ்சு கிராமா இருந்தா என்ன, ஒரு கிராமா இருந்தா என்ன? வாங்கறவன் உன் தராசை நம்பித்தானே காசைக் குடுக்கறான்?"

சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரோ தன்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பழக்கடைக்காரர் முனகிக்கொண்டே தராசைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் ஆபீஸ் முடிந்ததும் நேரே மச்சானுடைய பட்டறைக்கு வண்டியை விட்டார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அதைத் திட்டம் என்று சொல்வதும் அதிகம்தான், தப்பித்துக்கொள்ள ஒரு சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வண்டியைப் பிரித்துப் பார்த்து, ஏதோ ஒரு சாமான் பழுது என்று சொல்லிவிட்டால் போதும். மாற்றிவிடலாம். திரும்ப இருபத்தொண்ணு வந்துவிடும். சொன்ன பொய் மெய்யாகிவிடும். கெட்டுப்போனது வண்டிதான், தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று ஆகிவிடும். அப்புறம் ஆறு மணிக்கு எதற்குக் கூப்பிட வேண்டும்? அவள் இருக்கட்டும். மகள் பெரிய பதவிக்குப் போகட்டும். யாருக்கும் தொந்தரவு இல்லை.

இரண்டு வருஷம் இன்னும் தனியாக இருப்பதா, வேண்டாமா என்கிற முடிவைத் தூக்கி ஒரு டீசல் வண்டியின் தலையில் கட்டிவிட்டார்.

பட்டறைக்காரர் அவர் மனைவியின் தம்பி. வாய் ஓயாத மனிதர், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டும் பேசுவார்.

"வாங்க மாமா. இன்னிக்கு என்ன காத்து இந்தப் பக்கம்?"

"மைலேஜ் விழுந்துடுச்சு மச்சான். பதினாலு."

"பதினாலா? அக்கா போன வாரம்கூட இருபத்தொண்ணுன்னு சொன்னாளே?"

தராசுக்காரர் பானெட்டைத் திறந்துவிட்டார்.

பட்டறைக்காரர் முதலில் டயர்களில் காற்றைப் பார்த்தார். நான்கும் எழுதி வைத்த அளவில் இருந்தன. காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போன மாதம் மாற்றியது, பளிச்சென்று இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றினார், பிரேக் எங்கேயும் பிடித்துக்கொண்டு உரசவில்லை. டீசல் எங்காவது கசிகிறதா என்று குழாயெல்லாம் துடைத்துப் பார்த்தார். சொட்டு இல்லை. டிக்கியைத் திறந்தவர் துள்ளிக் குதித்தார்.

"மாட்டிக்கிட்டீங்க மாமா! இது என்ன?"

இருபது கிலோ எடைக்கல் மூன்று இருந்தன. வெளியூர்க் கடைகளுக்குச் சோதனைக்குப் போகும்போது எடுத்துப்போகிற கற்கள்.

"இந்த மலையைச் சுமந்துக்கிட்டு ஓடினா எந்த வண்டிதான் மைலேஜ் குடுக்கும்?"

"இது பத்து வருஷமா டிக்கியிலதான் இருக்கு. இருபத்தொண்ணு குடுத்தப்பவும் இதே அறுபது கிலோதான்."

பட்டறைக்காரர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நீங்க ஓட்டறதுலதான் ஏதோ கோளாறு. எடுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

போனார்கள். பக்கத்து இருக்கையில் பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஓர் ஆள். தராசுக்காரருக்கு ஓட்டவே உற்சாகமாக இருந்தது. பூப்போல கியர் மாற்றினார். முன்னால் ஒரு லாரி திரும்பப் போவதைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்தார். மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொண்டு, இறக்கத்தில் வண்டியை அதன் போக்கில் விட்டார். பட்டறைக்காரர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் வாயை அடைப்பது சாமானியமான காரியமில்லை.

"மாமா, என் பட்டறைக்கு வர்ற டிரைவர் அத்தனை பேரையும் உங்ககிட்ட அனுப்பணும். குறையே சொல்ல முடியல."

"அப்ப எங்கதான் போகுது டீசல்?"

பட்டறை வாசலில் வண்டி நின்றது. பட்டறைக்காரர் சும்மா இருக்க மாட்டாமல், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். டேங்க் நிரப்பிய நாளிலிருந்து ஓடிய தூரம், ஐந்நூற்று அறுபது. மைலேஜ், பதினாலு. இன்னொரு தட்டு தட்டியதும் சராசரி வேகம் பத்தொன்பது என்று வந்தது.

"பத்தொன்பதா? நீங்க இப்ப ஓட்டின ஓட்டத்துக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டாவது வரணுமே. தினம் எருமை மாட்டுக்குப் பின்னாடியா போறீங்க?"

"காலையில ரோடு காலியாத்தான் இருக்கு."

இன்னொரு தட்டு. இன்ஜின் ஓடிய நேரம், இருபத்தொன்பது மணி.

பட்டறைக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். தூசி படிந்த பானெட் மேல் விரலால் எழுதிக் கணக்குப் போட்டார். தராசுக்காரரும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றார். கணக்கென்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

"தினம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். அப்ப இது பதினஞ்சு நாள் ஓட்டம். போக வர ஒரு மணி நேரம்னு வைங்க. பதினஞ்சு மணி நேரம். சரியா மாமா?"

"சரி."

"மீட்டர் இருபத்தொன்பது சொல்லுது. மிச்சம் பதினாலு மணி நேரம் வண்டி ஓடல. ஆனா இன்ஜின் ஓடியிருக்கு. ஏ.சி. போட்டு நின்னா மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். பதினாலு மணி நேரத்துக்குப் பதிமூணு, பதினாலு லிட்டர். உங்களுக்குத் துண்டு விழறது அதேதான்!" கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கையைத் தட்டியவர், நிமிர்ந்து மாமா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "தினம் ஒரு மணி நேரம் எங்க மாமா நிக்குது வண்டி?"

"எங்கயும் நிக்கலையே."

"நிக்காம எப்படி?"

"நீதானே சொன்ன," என்றார் தராசுக்காரர். குரல் அவருக்கே பிடிபடாமல் சிறுத்துப்போயிருந்தது. "டர்போ வண்டி, ஓடி வந்த சூட்டோட பட்டுன்னு அணைக்காதீங்க, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைங்கன்னு."

"ஆமா. வண்டி வாங்கின அன்னிக்குச் சொன்னேன்."

"அதைத்தான் பண்றேன். வீட்டு வாசல்ல நிறுத்தி ஒரு நிமிஷம் விட்டு அணைக்கறேன். காலையிலயும் சூடாக ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா?"

"ஒரு நிமிஷம்தான்" என்று சத்தியம் செய்கிற மாதிரி சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்தது. மாலையில் வண்டியை நிறுத்தும்போது எதிர்வீட்டு மாடியில் வெயில் இருக்கும். இறங்கும்போது அந்த வீட்டில் விளக்குப் போட்டிருப்பார்கள். தினமும் அப்படித்தான். ஐந்து கிராமைக் கண்டுபிடிக்கிற கண், இதை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உக்காந்துக்கிட்டு என்ன மாமா பண்ணுவீங்க? போன் பார்ப்பீங்களா? பாட்டுக் கேப்பீங்களா?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"சும்மாவா?"

"இன்ஜின் ஓடற வரைக்கும் வெளிய எங்கயோ போய்க்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும். அணைச்சா இறங்கணும். இறங்கினா கதவைத் திறக்கணும்." தராசுக்காரர் பானெட்டில் எழுதியிருந்த எண்களைக் கையால் துடைத்தார். "உள்ள யாரும் இல்ல மச்சான்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதை ஒருவரிடம் சொன்னார். சொன்னதும் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், மனைவி நல்ல சுகத்தோடு உயிரோடு இருக்கும்போது, பட்டறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. பட்டறைக்காரர் வேறு பக்கம் பார்த்தபடி கைத்துணியால் கையைத் துடைத்தார். கை அப்படியொன்றும் அழுக்காக இல்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு. வேற யாருக்கு? ஒரு வார்த்தை சொன்னா அடுத்த ரயில்ல நிப்பா."

தராசுக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். நான் சொல்றேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க மாமா. உன் இஷ்டம்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா பரிதாபப்பட்டு வருவா. நான் கேட்டு வரணும்." அவருக்கே தன் வார்த்தை ஆச்சரியமாக இருந்தது. "ஆறு மணிக்குள்ள கூப்பிடறேன். நிச்சயமா."

"ஆறைத் தாண்டினா நான் விட மாட்டேன், சொல்லிட்டேன்" என்று போனைப் பைக்குள் போட்டார் பட்டறைக்காரர். "வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல, எடுத்துக்கிட்டுப் போங்க."

தராசுக்காரர் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைச் செய்துகொண்டே போனார். "நீ வந்துடு." இது ரொம்ப வெடுக்கென்று இருக்கிறது. "உனக்கு முடிஞ்சா வாயேன்." இது மறுபடியும் உன் இஷ்டம். "பாப்பாவை ஒரு ஆயா வெச்சுப் பார்த்துக்கலாமே." இது மகளோடு சண்டைக்கு வழி. வாக்கியம் சரியாக வரவில்லை. வண்டி மட்டும் அமோகமாக வந்தது. வாசலில் நிறுத்தியபோது மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. காலியான பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டிக் கடிகாரத்தில் ஐந்து எட்டு. இன்றைக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான் என்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஒன்பது ஆன அந்தக் கணமே சாவியைத் திருப்பி அணைத்தார். மீட்டர் இருண்டது. அதோடு கடிகாரமும் இருண்டது. கைக்கடிகாரம் கட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. போன் பின்இருக்கையில் இருந்த பைக்குள் இருந்தது.

இறங்கப் போனவர், வாக்கியத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு இறங்கலாம் என்று நினைத்தார்.

தெரு அதன்பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒருத்தி மிதியடியை உதறிப் படியில் போட்டாள். சைக்கிளில் போன ஒருவர் நின்று, செயினை மாட்டிக்கொண்டு, மறுபடி போனார். "எனக்கு முடியல." இப்படி ஆரம்பிக்கலாமா? உடம்புக்கு என்னமோ என்று பயந்துவிடுவாள். "இத்தனை நாள் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிக்கிட்டிருந்தேன்." இது பரவாயில்லை. பொய் என்றால் என்ன பொய் என்று கேட்பாள். மைலேஜ் என்று சொல்ல வேண்டும். இதற்கா இந்தப் பீடிகை என்று சிரிப்பாள். சிரித்தால் நல்லதுதான். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! போனில் அவள் சிரிப்பதே இல்லை, நிமிடத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள்.

கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. ஏ.சி. இல்லாமல் உள்ளே புழுங்கியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு டீசல் எரியவில்லை. அவர் இறங்கவும் இல்லை.

எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்ததும்தான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பின்இருக்கைக்குக் கையை வீசிப் பையை இழுத்தார். பை கவிழ்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிப் போன் இருக்கைக்கு அடியில் போய் விழுந்தது. துழாவி எடுத்துப் பார்த்தார். ஆறு பத்தொன்பது.

கதவைச் சாத்தக்கூட இல்லை. பூட்டைத் திறந்து, செருப்போடு உள்ளே ஓடினார். அன்றைக்கு வீட்டுக்குள் நுழையப் பயமாக இல்லை, பயப்பட நேரம் இல்லை. கூடத்து இருட்டில் நின்றபடியே மனைவியின் எண்ணை அழுத்தினார். போன் மணி ஒருமுறை அடித்தது. இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஹலோ என்கிற ஒரு வார்த்தைக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"நீ வந்துடு. கேக்கறியா? குறுக்க பேசாதே, நான் சொல்லி முடிச்சுடறேன். எனக்கு நீ இல்லாம ஆகல. தினம் ஆபீஸ்லேர்ந்து வந்து வாசல்லயே வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன். உள்ள வரப் பிடிக்கல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம தூங்கி, ஒரு வார்த்தை பேசாம எழுந்து... போதும். இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது. எனக்காக வா. உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன். என் இஷ்டம் இது."

மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா."

எடுத்தவள் மகள்.

"அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. போன் இங்க இருந்துச்சு, அதான் நான் எடுத்தேன்." மகள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "ஏம்பா இதையெல்லாம் ஒரு நாள்கூட சொல்லல?"

"அம்மாகிட்டக் குடு."

"அப்பா, நான் ஆபீசுக்குச் சரின்னு அனுப்பிட்டேன்பா. இப்பத்தான், பத்து நிமிஷம் ஆகுது. ஆறு மணி வரைக்கும் அம்மா போனைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாங்க. டீயைக்கூடக் குடிக்கல. ஆறு அடிச்சதும் எழுந்து, உங்கப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல, நான் இல்லாமலே வண்டி இருபத்தொண்ணு குடுக்குதாம், நீ எழுதி அனுப்பிடுன்னாங்க."

"அது பொய்ம்மா."

"எது?"

"இருபத்தொண்ணு. அது நான் சொன்ன பொய்."

மகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவள் அழுகிறாளா, யோசிக்கிறாளா என்று இவருக்கும் தெரியவில்லை. அந்தப் பதவிக்காக அவள் ஆறு வருஷம் உழைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

அப்போது போனுக்குள் தூரத்தில் ஒரு கதவு திறந்தது. குழந்தையின் சிணுங்கல். ஈரக்காலோடு நடந்து வருகிற சத்தம். அதற்குப் பின்னால் அவள் குரல், போனுக்காக அளந்து பேசுகிற குரல் இல்லை, வீட்டுக்குள் பேசுகிற அசல் குரல். பதினான்கு மாதமாக அவர் அதைக் கேட்கவில்லை.

"யாருடி போன்ல? அப்பாவா?"

அந்த 'அப்பாவா'வில் எவ்வளவு ஆசை இருந்தது என்பது இவ்வளவு தூரத்திலிருந்தும் அவருக்குக் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆமாம், நான்தான் என்று கத்த வாயைத் திறந்தார்.

"இல்லம்மா" என்றாள் மகள். "ஏதோ ராங் நம்பர்."